தோளில் பானைக் கறை

அந்த வருஷம் வெளியே போட்டுக்கொண்டு போக என்னிடம் ஒரே ஒரு வெள்ளைச் சட்டை இருந்தது. அதன் வலது தோளில் ஒரு கறை. உள்ளங்கை அகலம், செங்கல் நிறம். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மதினி, அண்ணனின் மனைவி, கிணற்றடித் தொட்டியில் உவர்மண் போட்டுக் கசக்கி அதைப் போக்குவாள். வாரம் முழுக்கச் சட்டை கொடியில் நல்ல பிள்ளையாகத் தொங்கும். சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் கறை தன் இடத்துக்குத் திரும்பிவிடும், உலகத்தில் அதற்கு வேறு போக்கிடமே இல்லாதது போல.

எத்தனையோ சட்டைகள் போட்டுக் கிழித்தாயிற்று. இன்றைக்கும் கண்ணை மூடினால் தெரிகிற தோள் அந்த ஒன்றுதான்.

உலகச் சண்டை தொடங்குவதற்கு முந்தின வருஷம். எனக்குப் பதினெட்டு. பசுமலையைத் தாண்டித் தென்மேற்கே இரண்டு மைல் உள்ளே தள்ளி எங்கள் ஊர். வீட்டில் அண்ணன், மதினி, நான், இரண்டு காளைகள். எட்டாம் வகுப்புப் பரீட்சை தேறியிருந்தேன். அதற்கு மேல் என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை, ஊருக்கும் தெரியவில்லை. மூன்று வருஷமாகக் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற கமலை ஓட்டிக்கொண்டிருந்தேன். பசுமலைப் பக்கம் வாத்தியார் வேலைக்குப் பழக்குகிற பயிற்சிப் பள்ளி ஒன்று இருப்பதும், வைகாசியில் நுழைவுப் பரீட்சை வைத்து இருபது பேரை எடுப்பதும் தை மாதத்தில் ஒருநாள் சந்தைக்குப் போனபோது காதில் விழுந்தது. காதில் விழுந்தது வெளியே போக மறுத்துவிட்டது.

அண்ணனிடம் நான் கேட்கவில்லை. மதினிதான் கேட்டாள். அண்ணன் சோற்றுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்.

"ஒரு தடவதேன். வைகாசியில எழுதட்டும். கெடச்சாப் போகட்டும். கெடைக்கலையா, புத்தகத்தப் பரண்ல போட்டுட்டு வடத்துல ஏறி உக்காரணும். அடுத்த வருசம் பாத்துக்கிறலாம்ங்கிற பேச்சே இருக்கக் கூடாது."

"சரி. ஆனா சனிக்கெழம சனிக்கெழம டவுனுல பரீச்ச எழுதிப் பழக்குறாகளாம். கொழுந்தனாரு போயிட்டு வரட்டும்."

"அன்னைக்குக் கமலைய யாரு ஓட்டுறது? ஒங்க அப்பனா?"

"நான் ஓட்டுறேன்."

"பொம்பள வடத்துல உக்காந்தா ஊரே சிரிக்கும்."

"சிரிச்சா அவுக பல்லுத்தேன் தெரியும். நம்ம மொளகாய்க்குத் தண்ணி பாயுதான்னு மட்டும் நீங்க பாருங்க."

அப்படித்தான் என் சனிக்கிழமைகள் எனக்குக் கிடைத்தன. மதினி என்னைவிட இரண்டு வயது மூத்தவள். எழுத்து ஒன்றும் தெரியாது. எனக்காக அவள் வடத்தில் ஏறி உட்கார்ந்த முதல் சனிக்கிழமை, எதிர்த்த கொல்லைக்காரர் வேலியோரம் வந்து நின்று பார்த்ததாகவும், அவள் பார்த்த பார்வையில் அவர் ஆட்டைத் தேடுகிறவர் போலக் குனிந்துகொண்டு போய்விட்டதாகவும் பிற்பாடு சொன்னாள்.

கமலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் என் மார்க் புரியாது.

கிணற்று விளிம்பிலிருந்து ஒரு சரிவு இறங்கும். இரண்டு காளைகள், அவற்றின் நுகத்தடியிலிருந்து கிணற்றுக்குள் போகிற தடித்த வடம், வடத்தின் மறுமுனையில் தகரக் கூனை. காளைகள் சரிவில் இறங்க இறங்கக் கூனை நிறைந்து மேலே வரும். ஓட்டுகிறவன் வடத்தின் மேலேயே உட்கார்ந்து தன் பாரத்தையும் சேர்த்துக் கொடுப்பான். கூனை தொட்டியில் கவிழ்ந்து தண்ணீர் வாய்க்காலில் ஓடியதும் இறங்கிக்கொள்வான். காளைகள் வந்த வழியே பின்னாலேயே நடந்து மேட்டுக்குப் போகும். முன்னே இறங்குவது, பின்னே ஏறுவது. முன்னே, பின்னே. ஒரு காலைப் பொழுதுக்கு நூறு கூனை.

வடத்தில் உட்கார்ந்திருக்கும்போது மடியில் புத்தகம் விரித்து ஒரு வரி படிப்பேன். காளைகள் பின்வாங்கும்போது மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு அதே வரியைச் சத்தம் போட்டுச் சொல்வேன். போகையில் படிப்பு, வருகையில் பாடம். முதல் கூனையில் பூமி உருண்டை. இரண்டாவது கூனையில் அது தன்னைத் தானே சுற்றுவது. இப்படியே பூகோளம், சரித்திரம், சுகாதாரம் என்று நூறு கூனைக்கு நூறு வரி. ஒரு வரி பிசகாது. எனக்கே என் மேல் ஒரு பெருமை. காளைகளும் காதை ஆட்டிக்கொண்டு கேட்டன.

வாய்க்கால் ஓரத்தில் மம்பட்டியோடு மதினி நிற்பாள். ஒரு பாத்தி நிறைந்ததும் மண்ணை வெட்டி அந்த மடையை அடைத்து, அடுத்த பாத்திக்குத் தண்ணீரைத் திருப்பிவிடுவாள். நான் கத்துகிற சரித்திரமும் பூகோளமும் தண்ணீரோடு கூடவே அவளிடம் போகும்.

கோரிப்பாளையத்தில் தர்காவுக்குப் பின்னால் ஒரு தெரு. தொப்பிக் கடை ஒன்று, அதன் மாடியில் நீளமான ஓர் அறை. கடை ஒரு சாயபுவுடையது, அறை அவர் தம்பியுடையது. தம்பிதான் எங்களுக்குப் பரீட்சை வைத்தவர். இருபத்தாறு வயதிருக்கும், பயிற்சி முடித்து டவுன் பள்ளிக்கூடத்தில் வேலை. மீசை இன்னும் சரியாகக் கூடவில்லை என்ற குறை அவருக்கு உண்டு, பேசிக்கொண்டே தடவிப் பார்த்துக்கொள்வார். விடியுமுன் புறப்பட்டு, பசுமலையைத் தாண்டி, டவுனைக் குறுக்கே வெட்டி, வைகை மணலில் இறங்கி ஏறி நான் போய்ச் சேரும்போது மற்ற எட்டுப் பேரும் பெஞ்சியில் இருப்பார்கள்.

காலையில் பரீட்சை. ஐம்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஒரு மார்க். நாங்கள் கட்டுச்சோறு தின்கிற நேரத்தில் திருத்திவிடுவார். பிறகு மேலிருந்து கீழாக மார்க்கை வாசிப்பார். எட்டுப் பேருக்குத்தான் வாசிப்பார். ஒன்பதாவது ஆளின் மார்க்கை அவர் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. தாளை நான்காக மடித்துக் கையில் கொடுத்துவிட்டு, "இன்னிக்குப் பானை ஒனக்குப்பா" என்பார்.

அறையின் மூலையில் குடிதண்ணீர்ப் பானை. சாயபு வீட்டுத் தண்ணீரைக் குடிக்கத் தயங்குகிற வீட்டுப் பையன்களும் எங்களில் இருந்தார்கள். அதை அவர் பெரிதுபடுத்தவில்லை. நீங்களே பிடித்து வைத்து நீங்களே குடியுங்கள் என்று விட்டுவிட்டார். யார் பிடித்து வருவது என்பதற்குத்தான் இந்த ஏற்பாடு. கடைசி மார்க் வாங்கியவன் தெருக்குழாயில் பானையை நிரப்பி, தோளில் வைத்து, மாடிப்படி ஏறி வர வேண்டும். மண்பானை. ஈரம் பட்டால் சாயம் விடும்.

முதல் சனிக்கிழமை பானை எனக்கு. தாளைப் பிரித்துப் பார்த்தேன். பதினொன்று.

வாரமெல்லாம் தண்ணீர் இறைத்தவன், ஒருநாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஏழு மைல் நடந்து வந்து, மறுபடியும் தண்ணீர் சுமந்தேன். படியேறும்போது எனக்கே சிரிப்பு வந்தது. அந்த ஒரு வாரந்தான் சிரிப்பு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் மதினி கறையைப் பார்த்து என்னவென்று கேட்டாள். பானைக் கதையைச் சொன்னேன். "மொத நாளுதான, அடுத்த வாரம் வேற எவனாச்சும் சொமப்பான்" என்றாள். நானும் நம்பினேன். கூடுதலாகப் படித்தேன். நூறு கூனை நூற்றிருபதாயிற்று, நூற்று நாற்பதாயிற்று. காளைகளுக்கு வாயில் நுரை தள்ளியது. அண்ணன், "எலேய், கெணத்துல தண்ணி ஊற விடுடா" என்று சத்தம் போட்டார்.

இரண்டாவது சனிக்கிழமை ஒன்பது. மூன்றாவது எட்டு.

படிக்கப் படிக்க மார்க் குறைந்தது. இதை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? படிக்காமல் குறைந்தால் படித்துச் சரிசெய்யலாம். படித்துக் குறைந்ததை எதைக் கொண்டு சரிசெய்வது? மணலில் திரும்பி நடக்கும்போது, என் தலைக்குள்ளே ஓட்டை விழுந்த கூனை ஒன்று இருப்பதாகவும், மேலே வருவதற்குள் எல்லாம் வடிந்துவிடுவதாகவும் ஒரு நினைப்பு வந்தது. வந்தது போகவில்லை. பசுமலையைக் கடக்கும்போது அந்தப் பள்ளியின் ஓட்டுக்கூரை சாலையிலிருந்து தெரியும். மூன்றாவது வாரம் முதல் அந்தப் பக்கம் பார்க்காமல் நடக்கப் பழகினேன்.

என் பக்கத்தில் உட்காருகிறவன் செல்லூர்ப் பையன், நல்ல வாயாடி. ஒருநாள் பரீட்சைக்கு நடுவில் என் தொடையில் குத்தினான்.

"மாப்ள, காலை ஆட்டாதடா. பெஞ்சி ஆடுது. நான் கோடு போட்டா மலைக்குப் பதிலா ஆறு வருது."

நான் காலை ஆட்டுவது எனக்குத் தெரியாது.

நான்காவது சனிக்கிழமை ஏழு.

அன்றைக்கு வீட்டு வாசலில் நின்றபடியே மதினி கேட்டாள். "எம்புட்டு?" காலையிலிருந்து வடத்தில் உட்கார்ந்து அவள் கைகள் இரண்டும் கயிறு உரசிச் சிவந்திருந்தன. அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டு ஏழு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"இருபத்தஞ்சு."

"ஐம்பதுக்கா?"

"ஆமா."

"பாதிக்குப் பாதி!" என்றாள். உள்ளே ஓடினாள். சற்று நேரத்தில் பணியாரக் கல் அடுப்பில் ஏறியது. கருப்பட்டிப் பணியாரம். எங்கள் வீட்டில் அது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சுடுகிற பண்டம். அண்ணன் மூன்று தின்றுவிட்டு, "பரவாயில்லையே" என்று பொதுவாகச் சொன்னார். பணியாரத்தைச் சொன்னாரா, மார்க்கைச் சொன்னாரா, தெரியாது. நான் ஒன்பது தின்றேன். தின்னாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று நினைத்துத் தின்றேன்.

மறுநாள் ஞாயிறு. கமலை அவிழ்த்தாயிற்று. காளைகள் வேப்பமரத்தடியில் அசை போட்டுக்கொண்டிருந்தன. மதினி தொட்டியடியில் சட்டையை விரித்துவைத்து உவர்மண் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்திருந்தேன். அவள் தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"ஏன் கொழுந்தனாரே, பாதிக்குப் பாதி வாங்குனவுகளும் பானை தூக்கணுமா?"

சட்டையின் தோளை இரண்டு கைகளாலும் விரித்து என் பக்கம் காட்டினாள். செங்கல் நிறம், உள்ளங்கை அகலம்.

"நேத்து நீங்க வாசல் ஏறும்போதே பாத்துட்டேன்."

"பாத்துட்டா பணியாரம் சுட்டீக?"

"வேற என்ன செய்ய? இருபத்தஞ்சுன்னு சொல்லிட்டு ஒங்க மொகம் கெடந்த கெடப்பப் பாத்தா, பானையோட படியில உருண்ட மாதிரில்ல இருந்துச்சு. வயித்துக்காச்சும் ஏதாவது போகட்டும்னு பாத்தேன். எம்புட்டுத்தேன் நெசம்?"

"ஏழு."

அவள் சட்டையை அலசினாள். பிறகு, "அங்க போனதும் எல்லாம் மறந்து போகுதா?" என்று கேட்டாள்.

"மறக்கலை மதினி. எல்லாம் தெரியுது. நேரம்தான் பத்தலை. ஏழாவது கேள்வி எழுதும்போது மணி அடிச்சுருறாக."

"தெரியுமா? சரி, காவேரி எங்கிட்டுப் பொறக்குது?"

எனக்குத் தெரியும். சத்தியமாகத் தெரியும். அறுபத்து மூன்றாவது கூனை. எழுந்து நின்றேன். "பூமி உருண்டை வடிவமானது" என்று தொடங்கினேன். பூமி தன்னைத் தானே சுற்றியது. சூரியனைச் சுற்றியது. கண்டங்கள் வந்தன, கடல்கள் வந்தன. என் கால் நாலெட்டு முன்னே போனது. நாலெட்டுப் பின்னே வந்தது. மறுபடி முன்னே, மறுபடி பின்னே. இமயமலை வந்தது, கங்கை வந்தது. காவேரி இன்னும் வெகு தூரத்தில் இருந்தது.

ஒரு சத்தம் கேட்டுத் திரும்பினேன். மதினி சட்டையைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர்.

"ஆத்தாடி! மாடு அங்க படுத்துக் கெடக்கு. இவரு வெறுங்கமலை ஓட்டுறாரே!"

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. செல்லூர்க்காரன் பெஞ்சி ஆடியது ஏன் என்று தெரிந்தது. நான் படித்தது ஒரு வடம். எந்தக் கேள்வி வந்தாலும் முதல் கூனையிலிருந்து இழுத்துக்கொண்டு வர வேண்டும். கூடுதலாகப் படிக்கப் படிக்க வடம் நீண்டது, நீள நீள நேரம் போயிற்று. காளைகள் தப்பில்லை, தலையிலும் ஓட்டையில்லை. கிணற்றடியில் படித்ததைக் கிணற்றடி நடையிலேயே சொல்லத் தெரிந்த ஒருத்தன், பெஞ்சியில் உட்கார்ந்து அல்லாடினான். அவ்வளவுதான்.

மதினி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பாத்திகளின் பக்கம் கையை நீட்டினாள்.

"இந்தா, தெக்கு மொளகா வாடிக் கெடந்தா நான் என்ன செய்வேன்? மொதப் பாத்தியில இருந்து ஒவ்வொண்ணா நெரப்பிக்கிட்டா வருவேன்? எல்லா மடையையும் அடைச்சுட்டு நேரா அங்க திருப்பி விட்டுற மாட்டேன்? அது மாதிரி விடுங்களேன்."

மறுநாளே தொடங்கினோம். ஒவ்வொரு பாத்திக்கும் ஒரு பாடம். வேப்பமரத்தடிப் பாத்தி நதிகள். தெற்கு மிளகாய் மண் வகைகள். கத்தரிப் பாத்தி கொசு, மலேரியா, சுகாதாரம். வெங்காயப் பாத்தி மனக்கணக்கு. கடைசி மூலையில் ஒரு பாத்தி உண்டு, எலி வளைப் பாத்தி என்று பெயர். எவ்வளவு தண்ணீர் விட்டாலும் எங்கேயோ போய்விடும். மிச்சமிருந்தது கவர்னர் ஜெனரல்களின் வரிசை ஒன்றுதான். அதை அங்கே வைத்தோம். வைத்தபோதே எனக்குச் சரியாகப் படவில்லை.

நான் கமலை ஓட்டுவேன். அவள் வரிசையில்லாமல் நினைத்த மடையைத் திறப்பாள். "கத்திரி!" என்று குரல் வரும். அந்தக் கூனை கவிழ்வதற்குள் நான் கொசுவைச் சொல்ல வேண்டும். "வேப்பமரம்!" காவேரி குடகிலே பிறக்கும். "தெக்கு மொளகா!" கரிசல் மண் பருத்திக்கு ஆகும். "எலி வளை!" என்பாள். எனக்கு இரண்டு பெயருக்கு மேல் வராது. "அதுவும் குடிச்சுருச்சா?" என்பாள்.

அந்தச் சனிக்கிழமை பத்து. அதற்கடுத்தது பதினைந்து. பானை இரண்டு வாரமும் எனக்குத்தான். ஆனால் பதினைந்தைச் சொன்னபோது நான் வாசலில் நின்று சொல்லவில்லை, வயல் வரப்பிலிருந்தே கத்திச் சொன்னேன்.

அதோடு வினையும் வந்தது. தண்ணீரை அங்கும் இங்கும் திருப்பினால், நடுவிலே காய்ந்த வாய்க்கால் பாதியைக் குடித்துவிடுகிறது. கோடை வேறு ஏறிக்கொண்டிருந்தது. கூனை பாதிதான் நிறைந்தது. வேப்பமரத்தடியில் தண்ணீர் தேங்கி நாற்று அழுகியது. வெங்காயத் தாள் மஞ்சளாகப் படுத்துவிட்டது. அண்ணன் வந்து பார்த்தார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்க ரெண்டு பேரும் மொளகாய்க்குத் தண்ணி பாய்ச்சுறீகளா, பூகோளத்துக்கா?"

மதினி மம்பட்டியைப் பார்த்தாள். நான் காளையைப் பார்த்தேன்.

"இனிமே வரிசையாத்தேன் மடை தொறக்கணும். வெங்காயம் போச்சு. அது போகட்டும். மொளகாயும் போச்சுன்னா நாம திங்குறது எதை?"

அவர் சொன்னது நியாயம். மறுபடி வரிசையாகப் பாய்ச்சினோம், பாடமும் பழையபடி வரிசையில் விழுந்தது. அந்த வாரம் ஒன்பது. பதினைந்திலிருந்து ஒன்பது. ஏழு வாங்கிய நாளைவிட இது வலித்தது. ஒரு தடவை மேலே வந்து பார்த்தவனுக்குக் கிணற்றின் ஆழம் கூடுதலாகத் தெரியும் போலிருக்கிறது. திரும்பி வந்ததும் புத்தகங்களைக் கட்டினேன். பரணில் போட ஏணியை எடுத்தேன். மதினி ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்துகொண்டாள். நகரவில்லை.

"எந்திரிங்க மதினி."

"எதுக்கு?"

"எனக்கு வராது."

"ஒங்களுக்கு வராட்டிப் போகட்டும். ஏழு சனிக்கெழமையா நான் வடத்துல உக்காந்து எனக்கு உக்கார்ற எடமே தேஞ்சு போயிருக்கே, அதுக்கு என்ன சொல்றீக?"

ஏணியில் நின்றபடியே சிரித்துவிட்டேன். சிரித்தவன் பரணில் எதைப் போடுவான்?

மறுநாளிலிருந்து தண்ணீர் இல்லாமலே பாடம் நடந்தது. கமலை அவிழ்த்த பிறகு, கஞ்சி குடிக்கிற நேரத்தில், அவள் வரப்பில் உட்கார்ந்து ஒரு மண்கட்டியை எடுத்து ஏதாவது ஒரு பாத்தியில் எறிவாள். கட்டி விழுகிற இடத்தின் பாடத்தை நான் சொல்ல வேண்டும். காலை ஆட்டினால் அடுத்த கட்டி என் மேல் விழும். நாட்கள் போகப் போக அவள் கை ஓங்கும்போதே எனக்குப் பதில் வந்தது. கேட்டுக் கேட்டு அவளுக்கும் முக்கால்வாசி பாடமாகிவிட்டது. நான் தடுமாறினால், "நர்மதைய விட்டுட்டீக" என்பாள். நர்மதையை அவள் ஏதோ தூரத்துச் சொந்தக்காரி மாதிரி சொல்வாள்.

ஒருநாள் அண்ணன் மேட்டுக் காட்டிலிருந்து வந்துகொண்டிருந்தார். எங்களைப் பார்க்காத மாதிரி கடந்து போனார். போகிறபோக்கில் குனிந்து ஒரு கட்டியை எடுத்து எலி வளைப் பாத்தியில் போட்டார். திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் நின்றார். முதுகைக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றார். நான் மூன்று பெயர்களைச் சொன்னேன். நாலாவது வரவில்லை. கொஞ்ச நேரம் காத்துப் பார்த்துவிட்டு, தோளில் துண்டை மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்தார். அவரிடம் எனக்கிருந்த பயத்தில் பாதி அந்த முதுகைப் பார்த்தபோதே போயிற்று.

பரீட்சைக்கு முந்தின சனிக்கிழமை முப்பத்தொன்று. மேலிருந்து ஐந்தாவது. பானை செல்லூர்க்காரனுக்கு. "மாப்ள, ஒன் காலு நின்னுச்சு, என் பொழப்பு ஆடிருச்சேடா" என்று சொல்லிக்கொண்டே அவன் தூக்கிப் போனான். நான் சிரித்தேன். ஆனால் அவன் படியேறும் சத்தம் கேட்டபோது என் தோளும் கூடவே இறங்கியது.

அன்று சாயங்காலம் நான் வாயைத் திறக்கவில்லை. மதினி வாசலில் என் தோளைத் தொட்டுப் பார்த்தாள். திருப்பிவிட்டு இடது தோளையும் பார்த்தாள். "இந்த வாரம் எனக்குச் சோலி மிச்சம்" என்றாள்.

பரீட்சை அன்று நீளமான ஒரு கூடம். பெஞ்சிக்கு ஒருத்தர். நிறையப் பேர் வந்திருந்தார்கள், எண்ணிப் பார்க்க நான் துணியவில்லை. கேள்வித்தாள் கைக்கு வந்ததும் பழையபடி காளைகள் மேட்டில் வந்து நின்றன. பூமி உருண்டை என்று உதடு தொடங்கியது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு மண்கட்டி பறந்து வருவதற்காகக் காத்திருந்தேன். வந்தது. கத்தரியில் விழுந்தது. எழுதத் தொடங்கினேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு கேள்வியும் எங்கள் கொல்லையில் எங்கே இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து எழுதினேன். ஒரே ஒரு கேள்வி எலி வளையில் விழுந்தது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.

பத்து நாள் கழித்துப் பட்டியல் ஒட்டினார்கள். இருபது பெயர்கள். மேலிருந்து படிக்கத் தைரியமில்லாமல் கீழிருந்து படித்தேன். கீழிருந்து இரண்டாவது நான்.

அங்கிருந்து வீடு இரண்டே மைல். ஆனால் கால் டவுன் பக்கம் திரும்பியது. அவரிடம் சொல்லாமல் எப்படிப் போவது? தொப்பிக் கடை மாடியில் அவர் தனியாக இருந்தார். பெஞ்சிகள் சுவரோடு சாய்த்துக் கிடந்தன. விஷயத்தைச் சொன்னதும், "சபாஷ்! சபாஷ்!" என்று என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். மீசையைத் தடவினார். நான் மூலையைப் பார்த்தேன். பானை வறண்டு கிடந்தது. எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

"அட, ஒனக்கு எதுக்குப்பா இன்னிக்குப் பானை?"

"தாகமா இருக்கு சார்."

இரண்டு பேரும் ஆளுக்கொரு குவளை குடித்தோம்.

வீட்டுக்கு வரும்போது வெயில் சாய்ந்திருந்தது. அன்று பட்டியல் பார்க்க நான் போனதால் மதினிதான் கமலையில் இருந்தாள். அண்ணன் தூரத்தில் மடை திறந்துகொண்டிருந்தார். நான் வரப்பில் ஏறியதும் அவள் பார்த்தாள். காளைகள் பாதிச் சரிவில் நின்றன. கூனை பாதிக் கிணற்றில் தொங்கியது. வடத்திலிருந்து இறங்கி, கயிற்றைக் கல்லில் கட்டிவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே மெதுவாக என் எதிரில் வந்தாள். முகம் எப்படியோ இருந்தது. அவ்வளவு மெதுவாக அவள் நடந்து நான் பார்த்ததில்லை.

"சரி, விடுங்க" என்றாள். "அவுகளுக்குக் குடுத்து வைக்கல. ரெண்டு மாடும் காலையில இருந்து ஒங்களத்தேன் தேடுச்சு. ஒங்க அண்ணன்கிட்ட நான் பேசிக்கிறேன். அடுத்த வருசமும் சனிக்கெழம நானே..."

அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. தோளைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். நானும் குனிந்து பார்த்தேன். செங்கல் நிறம், உள்ளங்கை அகலம்.

"மதினி, எனக்குக் கெடச்சிருச்சு."

"என்னது?"

"பட்டியல்ல பேரு இருக்கு. இதச் சும்மா தூக்குனேன். சார் வீட்டுக்குச் சொல்லப் போனேன், பானை வெறுமனே கெடந்துச்சு..."

அவள் குனிந்தாள். காலடியில் கிடந்தது ஈரக்கட்டி. அது என் நெஞ்சில் வந்து உடைந்தது. அடுத்தது வயிற்றில்.

"பானையா தூக்குனீக? பானையா? ஈரக்கொலையே நின்னுபோச்சு எனக்கு!" என்று கத்திக்கொண்டே அழுதாள். அழுதுகொண்டே இன்னொரு கட்டியைத் தேடினாள்.

சத்தம் கேட்டு அண்ணன் மம்பட்டியோடு ஓடி வந்தார். விஷயம் தெரிந்ததும் என்னை மேலும் கீழும் பார்த்தார். நிலத்தைப் பார்த்தார். காளைகளைப் பார்த்தார்.

"அப்ப இனிமே வடத்துல உக்கார்றது யாரு?" என்றார்.

"ஏன், இம்புட்டு நாளு உக்காந்தவ செத்தா போயிட்டேன்?" என்றாள் மதினி. என் பக்கம் கையை நீட்டினாள். "கழத்துங்க சட்டைய."

கழற்றிக் கொடுத்தேன். தொட்டியடியில் உட்கார்ந்து தோளையும் நெஞ்சையும் சேர்த்துத் தேய்க்கத் தொடங்கினாள். அண்ணன் வடத்தில் ஏறி உட்கார்ந்தார். பாதியில் நின்ற கூனை மேலே வந்து கவிழ்ந்தது. புதுத் தண்ணீர் அவள் கையைத் தாண்டி வாய்க்காலில் ஓடியது.

தோளை முடித்து நெஞ்சுக்கு வந்தபோது, தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"எலி வளைப் பாத்தியில இருந்து ஏதாச்சும் கேட்டாகளா?"

"ஒண்ணு கேட்டாக."

"எழுதுனீகளா?"

"இல்ல."

"நெனச்சேன்" என்றாள்.